பூட்டும் நேரம்

பூட்டு என்றால் கதவில் தொங்கும் இரும்புத் துண்டு என்று மட்டும் அறிந்திருப்பவர், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் கிடக்கும் எங்கள் பொம்மிடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஒரு சித்திரை மாதத்தையேனும் கழித்தவரல்லர் என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். ஏர் பூட்டுவதும், கிணற்று நீர் இறைக்கக் கவலை பூட்டுவதும், சந்தைக்கு வண்டி பூட்டுவதும் இங்கே காரியத்தின் ஆரம்பத்தைக் குறிக்கும் சொற்களாக இருந்துவந்திருக்கின்றன. ஆகையால், ரயிலடிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடையில், “சிஸ்டம் பூட் ஆகவே மூணு நிமிஷத்துக்கு மேல எடுக்குதுங்க ஐயா” என்று கடைப்பையன் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கையில், ரேஷன் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்து பக்கத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவர், “பூட்ட நேரமாவுதுன்னா வண்டியைத் திட்டாதே தம்பி, எந்த மாடு நுகத்துக்கு வர மாட்டேங்குதுன்னு பாரு” என்று சொன்னதில் வியப்படைய ஒன்றுமில்லை. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த யந்திரத்தின் வியாதியைப் பற்றி அன்று முதல் மறுவாரம் வரை நானும் என் தம்பி மகனும் அந்தப் பையனும் கேட்ட அபிப்பிராயங்கள் அனைத்திலும், நிதானமாக யோசித்துப் பார்த்தால், அதுவே சரியான அபிப்பிராயமாக இருந்தது.

யந்திரம் புத்தம் புதியது. பொறியியல் படிக்கும் என் தம்பி மகன், சென்னை ரிச்சி தெருவில் ஒரு பகல் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி, மதர்போர்டு ஓரிடத்திலும், ப்ராஸஸர் ஓரிடத்திலும், ராம் வேறோரிடத்திலுமாக வாங்கிச் சேர்த்து, சுமார் 300 கிலோமீட்டர் தூரம் ரயிலில் அந்தப் பெட்டிகளை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்து வந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல் தன் கையாலேயே பூட்டிய யந்திரம் அது. அவ்வளவு சிரத்தையுடன் கட்டப்பட்ட ஒன்று, விழிப்பதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால் அது அவனுக்கு அவமானமாகவே தோன்றியது. எனக்கோ, யந்திரங்கள் விழிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கென்று ஒரு சரித்திரமே உண்டு என்பது நினைவுக்கு வந்தது.

பூட் என்ற ஆங்கிலச் சொல், தான் அணிந்திருக்கும் பூட்ஸின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னைத் தானே உயரத் தூக்கிக்கொள்வது என்ற, நடவாத காரியத்தைக் குறிக்கும் ஒரு வேடிக்கைத் தொடரிலிருந்து பிறந்தது. கம்ப்யூட்டருக்கு அது பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. கட்டளைகளை நினைவகத்தில் ஏற்றுவதற்கே ஒரு கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையை ஏற்றுவது யார்? 1946-ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற பிரம்மாண்டமான யந்திரத்துக்கு இந்தச் சங்கடம் எழவில்லை. ஏனெனில் அதற்குக் கட்டளையிடுவதென்றால் மனிதர்களே கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருக வேண்டும், அதற்கு நாட்கணக்கில் ஆகும். 1949 மே மாதத்தில் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் யந்திரத்தில்தான் டேவிட் வீலர் என்ற இளைஞர், டெலிபோன் நிலையங்களில் பயன்பட்ட சுழல் சுவிட்சுகளில் 31 கட்டளைகளை நிரந்தரமாகப் பதித்து வைத்து, பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்தில் இறங்கி, பிறகு காகித நாடாவிலிருந்து மற்றவற்றைத் தாமே படித்துக்கொள்ளும்படி செய்தார். இன்று ஒவ்வொரு மதர்போர்டிலும் விரல் நகத்தளவில் ஒட்டிக்கொண்டு யந்திரத்தை விழிக்கச் செய்யும் பயாஸ் சில்லுக்கு மூதாதை என்று அந்த 31 வரிகளைச் சொன்னால் மிகையாகாது.

வால்வுகளால் ஆன அந்தக் காலத்து யந்திரங்களுக்கு வேறொரு குணமும் இருந்தது. எனியாக்கில் இருந்த சுமார் 18,000 வால்வுகளில் பல, ஓடும்போது கெடுவதைக் காட்டிலும், அணைத்துக் குளிர்ந்து மறுபடி சூடேறும்போதே கெட்டன. ஆகவே அதை அணைக்காமலே வைத்திருப்பது உசிதம் என்று அதைப் பேணியவர்கள் கண்டுகொண்டார்கள். இதை முதன்முதலில் படித்தபோது, ‘இது நம் ரயில்காரர்களுக்குத் தெரிந்த சங்கதியாயிற்றே’ என்றுதான் எனக்குத் தோன்றியது.

பொம்மிடி ரயிலால் பிழைத்த ஊர். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய மதராஸ் ரயில்வேயின் பாதை, ஜோலார்பேட்டையைக் கடந்து, ஒருபுறம் மலையை அணைத்தவாறு எங்கள் ஊர் வழியாகச் சேலத்தை அடைந்து, 1862-ல் மேற்குக் கடற்கரையை எட்டிவிட்டது. பக்கத்து மொரப்பூரிலிருந்து 1906-ல் தருமபுரிக்கும், பின்னர் ஓசூருக்கும் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிற்றிருப்புப் பாதை போட்டார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டுவிட்டது. நிலக்கரி யந்திரங்கள் ஓடிய நாட்களில், குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் நீராவியின் அழுத்தம் ஏறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதாலும், அவசரப்பட்டு ஏற்றினால் தகடுகள் ஒரே சீராக விரியாமல் கெட்டுப்போகும் என்பதாலும், ஷெட்டில் நிற்கும் யந்திரத்தின் நெருப்பை முற்றிலும் அணைக்காமல், கரியை ஓரமாக ஒதுக்கிக் கனலாக வைத்திருப்பார்கள். வண்டி புறப்படுமுன் பிரேக் கடைசிப் பெட்டி வரை பிடிக்கிறதா என்று பரீட்சித்துப் பார்த்த பிறகே கார்டு பச்சைக் கொடியைக் காட்டுவார். பிளாட்பாரத்தில் நிற்கும் பிரயாணிக்கு இதெல்லாம் வீண் தாமதம். கம்ப்யூட்டரின் முன் அமர்ந்திருப்பவருக்கும் அப்படியேதான். ஆனால் அவர் காணாத திரைக்குப் பின்னால் நடப்பதும் ஒரு பிரேக் பரீட்சையே.

நம் தேசத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சென்னையைச் சேர்ந்த ஆர். நரசிம்மனின் தலைமையில் கட்டப்பட்டு 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் யந்திரம் வால்வு யந்திரமே. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் வந்து சேர்ந்த ஐ.பி.எம். 370 வேறு வம்சம். அதில் எந்தச் சாதனத்திலிருந்து விழிக்க வேண்டும் என்பதை மேசையிலுள்ள திருகுகளால் குறித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அழுத்துவதற்கென்றே உத்தியோகஸ்தர் இருந்தார்; நமக்கு அந்தத் தாமதத்தைப் பற்றிக் கவலைப்பட அவசியமே ஏற்படவில்லை. துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போய், விடையை வாங்க மறுநாள் வந்தால் போதும்.

கவலை நம் வீட்டுக்குள் வந்தது 1981-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி., சுவிட்சைப் போட்டதும் தன் நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும். நினைவகத்தை நிரம்ப வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு நிமிடத்தையும் தாண்டும். அந்தக் குழுவில் வேலை செய்த டேவிட் பிராட்லி என்ற பொறியாளர், ஒவ்வொரு முறை யந்திரம் முரண்டு பிடிக்கும்போதும் அணைத்துப் போட்டு இந்தப் பரீட்சை முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையின்றி, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நினைவகச் சோதனையைத் தவிர்த்துவிட்டு யந்திரம் மறுபடி தொடங்கும்படி ஒரு குறுக்குவழி செய்தார். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று இன்று கைக்குழந்தைகளும் அறிந்திருக்கும் அந்த மும்மூர்த்திகள், காத்திருக்க மனமில்லாத ஒரு மனிதரின் சொந்த உபயோகத்துக்காகத் தோன்றியவர்கள்.

அதே பி.சி.யிலிருந்துதான் அசெம்பிள்டு சிஸ்டம் என்று நாம் சொல்லும் தொழிலும் கிளைத்தது. ஐ.பி.எம்.மின் யந்திரத்தில் பெரும்பாலான உறுப்புகள் கடையில் கிடைப்பவையே. விழிக்கச் செய்யும் பயாஸ் ஒன்றுதான் அவர்களுடைய சொத்து. 1982-ல் காம்பாக் நிறுவனம் அதைப் பிரதி எடுக்காமல், அது செய்யும் வேலையை மட்டும் கவனித்துத் தானே புதிதாக எழுதிக்கொண்டது. 1984-ல் ஃபீனிக்ஸ் என்ற நிறுவனம் அவ்வாறு எழுதிய பயாஸை வேண்டியவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. யந்திரத்தை எழுப்பும் மந்திரம் பொதுச் சொத்தானதும், எழுப்பப்படும் யந்திரத்தை எவரும் கட்டலாம் என்றாயிற்று. நம் நாட்டில் 1984-ன் கம்ப்யூட்டர் கொள்கை கதவைச் சற்றுத் திறந்தது. 1997-ல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி உதிரி உறுப்புகளின் மீதிருந்த சுங்கவரி 2005-க்குள் படிப்படியாக நீங்கியபோது கதவே கழன்று விழுந்தது. முன்பு ரேடியோ உறுப்புகளுக்குப் பேர் போன ரிச்சி தெரு கம்ப்யூட்டர் தெருவானதும், பொம்மிடி போன்ற ஊர்களில் டி.வி. ரிப்பேர் செய்த கைகள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே கம்ப்யூட்டருக்கு மாறியதும் இவ்விதமாகத்தான்.

அந்தக் கைகளுக்கென்று ஒரு வைத்திய சாஸ்திரம் உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. யந்திரம் விழிக்கவில்லை என்றால் முதலில் ராமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, இரண்டு ஓரமும் ‘டக்’கென்று ஓசை கேட்கும்படி அமுக்குவார்கள். பத்தில் பாதி நோய் அதில் தீரும். தேதி 2000-க்கோ 2009-க்கோ பின்னால் ஓடிப்போய், எஃப் 1-ஐ அழுத்து என்று யந்திரம் கெஞ்சினால், நாணய வடிவ பேட்டரியை மாற்றுவார்கள். 2012-ல் மாவட்டங்களில் மின்சாரம் பல மணி நேரம் நின்று நின்று வந்த நாட்களில், அந்த பேட்டரிகள் வெற்றிலை பாக்குப் போல் விற்றன. பீப் என்று ஒரு தடவை கூவினால் சுகம், நீளமாகக் கூவிக்கொண்டே இருந்தால் ராம் என்று ஓசையால் நாடி பார்ப்பார்கள். ஒன்றும் பிடிபடாவிட்டால், ‘ஃபார்மட் அடிச்சிரலாம்’ என்பது கடைசி மருந்து. அதை முதல் மருந்தாகக் கொடுப்பவரிடம் யந்திரத்தைக் கொடுக்கலாகாது என்பது என் திடமான கொள்கை. 2011 முதல் அரசு வழங்கிய இலவச லேப்டாப்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்தபோது, விண்டோஸா பாஸ் லினக்ஸா எதில் விழிப்பது என்று கேட்டு நிற்கும் திரையைக் கண்டு, யந்திரம் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிவந்த பெற்றோரையும் நான் கண்டிருக்கிறேன்.

இனி, எங்கள் வீட்டு யந்திரத்துக்கு வருகிறேன். அது முதல்முறை சுவிட்ச் போடப்பட்டபோது, விசிறிகள் சுழன்றன, விளக்குகள் ஒளிர்ந்தன, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மதர்போர்டின் ஓரத்தில் கடுகளவான நான்கு விளக்குகள் உண்டு; அவற்றில் டிராம் என்று அருகில் எழுதியிருந்த ஒன்று மட்டும் அணையாமல் எரிந்தது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். என் தம்பி மகன் பயந்துபோய் மின்சாரத்தைத் துண்டித்தான். மறுபடி போட்டான், மறுபடி அதே கறுப்பு, மறுபடி துண்டித்தான். நான்காவது முறை அவன் தாயார் சாப்பிடக் கூப்பிட்டதால் அப்படியே விட்டுவிட்டுப் போக, இரண்டு தோசை ஆவதற்குள் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். அந்த ராம் டி.டி.ஆர்.5 என்னும் புதிய இனம். அதில் ஒவ்வொரு கம்பியிலும் விநாடிக்கு 480 கோடி முறையும் அதற்கு மேலும் செய்தி மாறுகிறது. அந்த வேகத்தில், ஒரு கம்பி மற்றொன்றைவிட மயிரிழை நீளமாயிருந்தாலும் செய்தி பிந்திப்போகும். ஆகவே புதிய ப்ராஸஸரும் புதிய ராமும் முதன்முதலில் சந்திக்கும்போது, எந்தக் கம்பிக்கு எவ்வளவு தாமதம், எவ்வளவு வோல்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்து ஒத்துப்போகும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்கின்றன. இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். கச்சேரிக்கு முன் மிருதங்க வித்வான் கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கும் வேளையில், ரசிகர் ஒருவர் எழுந்து போய் வாத்தியத்தைப் பிடுங்கி உறைக்குள் போட்டால் எப்படியோ, அப்படித்தான் எங்கள் பையன் மூன்று முறை செய்தான். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதும் கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவதும் ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டிய காரியம்; சில மதர்போர்டுகளும், கண்ட சுருதியை நினைவில் வைத்துக்கொள் என்று பயாஸில் சொல்லி வைத்தாலொழிய, ஒவ்வொரு விழிப்பிலும் முதலிலிருந்து சுருதி சேர்க்கும் சுபாவம் உடையவை. எங்களுடையது அந்த ஜாதி இல்லை. முதல் நாளுக்குப் பிறகும் தாமதம் நீடித்ததற்குக் காரணம் வேறு.

அதைக் கண்டுபிடிக்கக் கடைப்பையன் கையாண்ட முறையை நான் மெச்சுகிறேன். அவன் எதையும் கழற்றுமுன் நேரத்தைப் பிரித்தான். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில், தொடக்கச் செயலிகளைக் காட்டும் பக்கத்தின் வலது மூலையில், பயாஸ் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று விநாடிக் கணக்கு இருக்கும். அதில் 148 என்று இருந்தது. “விண்டோஸ் மேல தப்பு இல்லைங்க ஐயா, அதோட கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டரை நிமிஷம் போயிருது” என்றான். ஃபார்மட் அடிக்கலாமே என்று நச்சரித்துக்கொண்டிருந்த என் தம்பி மகன் அதோடு வாயை மூடிக்கொண்டான். பிறகு பையன், கீபோர்டும் மானிட்டரும் தவிர வெளியிலிருந்து செருகிய அனைத்தையும் பிடுங்கினான், மாற்றமில்லை. நெட்வொர்க்கிலிருந்து விழிக்க முயலும் ஏற்பாட்டை பயாஸில் நிறுத்தினான். சில விநாடிகள் குறைந்தன. அதன்பின் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவன், அடியில் ஒரு ஸாட்டா கேபிளைத் தொட்டு, “இது என்னாதுங்க?” என்றான்.

அது பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க். என் தம்பியின் கல்யாண போட்டோக்கள் முதல் அம்மாவின் கடைசி வீடியோ வரை அதில் இருப்பதால், புதிய யந்திரத்தின் எஸ்.எஸ்.டி.க்குப் பக்கத்தில் அதையும் வைத்து என் தம்பி மகன் மாட்டியிருந்தான். காதை அருகில் வைத்தால், விழிக்கும் வேளையில் அது ‘கிட்… கிட்… கிட்’ என்று முள் மாறி மாறித் தேடும் ஓசை கேட்டது. நீ யார், உன் கொள்ளளவு என்ன என்று பயாஸ் கேட்க, அந்தக் கிழ டிஸ்க் பதில் சொல்லத் திணறி, பயாஸும் மரியாதையாகக் காத்திருந்து, மறுபடி கேட்டு, மறுபடி காத்திருந்திருக்கிறது. நுகத்துக்கு வராத மாடு அகப்பட்டுவிட்டது.

கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டான். யந்திரம் விழிக்கவேயில்லை! விழிப்பதற்குரிய டிஸ்க் இல்லை என்று திரையில் ஒரு வரி. எங்கள் மூவர் முகத்திலும் ஈயாடவில்லை. விஷயம் என்னவென்றால், புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கும் உடன் மாட்டப்பட்டிருந்தது. அதில் முன்பிருந்த விண்டோஸின் தொடக்கப் பகுதியைக் கண்ட நிறுவும் நிரல், இருக்கிறதே என்று தன் தொடக்கக் குறிப்புகளையும் அதிலேயே எழுதிவிட்டு, மற்றதை மட்டும் எஸ்.எஸ்.டி.யில் நிரப்பியிருக்கிறது. புது வீடு கட்டிக் குடிபோனவன் சாவியைப் பழைய வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்த கதை. இது அபூர்வமான பிழையன்று என்றும், புதிதாகக் கட்டுபவர்களில் பலர் செய்வது என்றும் பையன் சொன்னான். விண்டோஸ் போடும்போது, எந்த டிஸ்க்கில் போட வேண்டுமோ அந்த ஒன்றைத் தவிர மற்றவற்றின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் கைகண்ட விதி. அதன்படி எஸ்.எஸ்.டி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் விண்டோஸ் போட்டான். ஃபார்மட் என்ற மருந்து, கடைசியில், கடைசி மருந்தாகவே பயன்பட்டது.

பழைய டிஸ்க்கிலிருந்து போட்டோக்களை எடுக்க மறுநாள் காலை தொடங்கி இரவு எட்டு மணி வரை ஆயிற்று. நடுவே இரண்டு தடவை அது அடங்கிப்போய், ஆறவிட்டுத் தொடர வேண்டியிருந்தது. ஐந்து வீடியோக்கள் வரவில்லை. அம்மாவுடையது வந்துவிட்டது. யந்திரம் இப்போது 17 விநாடியில் விழிக்கிறது.